தொடக்கூடாத வரி

என் மாமனார் வீட்டில் நான் பெரிய மாப்பிள்ளை. என் மனைவியின் தங்கையைக் கட்டியவன், அதாவது என் சகலை, சின்ன மாப்பிள்ளை. எனக்குக் கல்யாணமான புதிதில் அந்தப் 'பெரிய'வுக்கு ஒரு கனம் இருந்தது. கூடத்தில் மின்விசிறிக்கு நேர் கீழே இருக்கும் நாற்காலி எனக்கு. செய்தித்தாள் முதலில் எனக்கு. சகலை வந்து சேர்ந்தபின், பெரிய, மாப்பிள்ளை என்ற இரண்டு சொல்லுக்கும் நடுவில் இருந்த இடைவெளி வழியாகப் 'பெரிய' கழன்று விழுந்துவிட்டது. இப்போது அந்த நாற்காலியில் அவன்தான் உட்காருகிறான். அவனாகப் போய் உட்காரவில்லை. "உக்காருங்க மாப்பிள்ளை" என்று மாமனாரே கையைப் பிடித்து உட்கார வைத்து, மின்விசிறியையும் கூட்டி வைக்கிறார்.

நேரில் பார்த்தால் "வாங்க சகலை, சாப்டீங்களா சகலை" என்பேன். மனதுக்குள் அவன் எனக்கு அவன்தான். இங்கேயும் அப்படியே சொல்கிறேன், வேஷம் எதற்கு.

வீட்டோடு நின்றிருந்தால் பொறுத்திருப்பேன். அவன் என் வேலையிடத்துக்கும் வந்துவிட்டான்.

நான் வேலை பார்ப்பது பார்வையற்றவர்களுக்கு ஒலிநூல் தயாரிக்கும் ஒரு நூலகத்தில். கீழ்மாடியில் அலுவலகம், மேல்மாடியில் பதிவறை. பதிவறை என்றால் பஞ்சு ஒட்டிய நான்கு சுவர், ஒரு கண்ணாடி ஜன்னல், ஒரு மைக், ஒரு கணினி, அவ்வளவுதான். ஆசைப்பட்டவர்கள் வந்து புத்தகத்தைச் சத்தமாகப் படித்துப் பதிவு செய்துவிட்டுப் போவார்கள். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு நான் எழுதிய ஸ்கிரிப்ட், அதாவது கணினிக்கான கட்டளைப் பட்டியல், தானாக ஓடும். அந்த வாரப் பதிவுகளைச் சர்வருக்குக் காப்பி செய்யும், பிறகு பதிவறைக் கணினியில் இருப்பதை அழித்து அடுத்த வாரத்துக்கு இடம் பண்ணும். ஒன்பது வருடமாக ஓடுகிறது. அதற்கு ஒரே ஒரு பலவீனம், ஃபைல் பெயரில் இடைவெளி இருந்தால் ஆகாது. அதற்காக ஸ்கிரிப்டைத் திருத்துவதை விட மனிதர்களைத் திருத்துவது சுலபம் என்று, 'பெயரில் இடைவெளி விடக்கூடாது, அடிக்கோடு இடவும்' என்று பதிவறைச் சுவரில் ஒட்டிவைத்தேன். எல்லோரும் கேட்டுக்கொண்டார்கள்.

ஒரு ஆள் போதவில்லை என்று தலைமை நூலகரிடம் நானே புலம்பினேன். அந்த அம்மாவும், சொந்தக்காரர் என்றால் அனுசரித்துப் போவார்கள் என்று நினைத்து அவனை வேலைக்கு எடுத்தார்.

வந்த இரண்டாவது வாரமே என் மானம் போனது. எங்களிடம் நூல் கேட்கும் நானூறு பேருக்கு மாதம் ஒரு மின்னஞ்சல் போகும். அந்த மாதம் நான் அதைக் கொஞ்சம் அழகுபடுத்தி, 'வணக்கம்' என்பதற்குப் பிறகு அவரவர் பெயர் வருகிற மாதிரி டாலர் குறி போட்டு ஒரு வேரியபிள் வைத்தேன். வைத்ததை ஒற்றை மேற்கோளுக்குள் வைத்துத் தொலைத்தேன். ஒற்றை மேற்கோளுக்குள் இருந்தால், கட்டளைகளை ஓட்டுகிற ஷெல் எதையும் விரித்துப் பார்க்காது, எழுதியதை எழுதியபடியே நீட்டிவிடும். நானூறு பேருடைய கணினியும் 'வணக்கம் டாலர் நேம் அவர்களே' என்று வாய்விட்டுப் படித்துக் காட்டியிருக்கிறது. மறுநாள் முழுக்க போன். "சார், டாலர் நேம் பேசுறேன், போன மாசம் கேட்ட புஸ்தகம் வரலையே" என்று சிரிக்கிறார்கள். நான் பெயர்ப் பட்டியலில் கோளாறு என்று இரண்டு நாள் அதைக் குடைந்துகொண்டிருந்தேன். அவன் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான்.

"அண்ணா, சிங்கிள் கோட்ஸ டபுளா மாத்திப் பாருங்களேன்."

மாற்றினேன். பெயர்கள் வந்துவிட்டன. தலைமை நூலகர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். அன்றிலிருந்து அலுவலகத்தில் எனக்கு டாலர் சார் என்று பெயர். வெள்ளிக்கிழமை ஸ்கிரிப்டையும் புதிதாக எழுதும் வேலை அவனுக்குப் போனது.

இதெல்லாம்கூட எரிச்சல்தான். வயிறு எரிந்தது வேறொரு விஷயத்தில்.

என் மனைவிக்குக் குரல் கொஞ்சம் கரகரப்பு. போனில் பேசினால் எதிர்முனையில் "சொல்லுங்க சார்" என்பார்கள். கல்யாணமான நாளிலிருந்து வீட்டுக்கு வருகிறவர்களிடம் எல்லாம் நான் இதைச் சொல்லிச் சிரிக்க வைப்பேன். அவளும் சிரிப்பாள். அதனால் பிடித்துத்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஒரு நாள் என் கண்ணாடியை மறந்துவிட்டேன் என்று அவள் அலுவலகத்துக்கு எடுத்து வந்தாள். அவளிடம் இரண்டு வார்த்தை பேசிய சகலை, "அண்ணி, உங்க குரல் மைக்குக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு. ஒரு புஸ்தகம் படிங்களேன்" என்றான். அவள் என்னைப் பார்த்தாள். நான் வழக்கம்போல, "கேக்கறவங்க சார்னு கூப்பிடப் போறாங்க" என்றேன். அவன் சிரிக்கவில்லை. அவளும் அன்று சிரிக்கவில்லை.

அடுத்த வாரம் முதல் செவ்வாய், வியாழன், சனி என்று அவள் பதிவறைக்கு வர ஆரம்பித்தாள். கப்பலில் சமையல்காரனாக இருந்த ஒருவனின் கதை, தடியான புத்தகம், இருபத்து மூன்று அத்தியாயம். எட்டு வாரம் படித்தாள். வீட்டுக்கு வந்தால், "சின்ன மாப்பிள்ள சொன்னாரு, மூச்ச வரி முடிவுல விடணுமாம்", "சின்ன மாப்பிள்ள சொன்னாரு, நேத்து படிச்சது ரொம்ப நல்லா வந்திருக்காம்." எனக்குச் சோறு இறங்காது. அவன் என் மனைவியிடம் தப்பாக நடந்தான் என்று நான் சொல்லவில்லை. அப்படி நடந்திருந்தால் நாலு கேள்வி கேட்டிருப்பேன். பதினான்கு வருடமாக நான் சொல்லாத ஒன்றை அவன் ஒரே நிமிடத்தில் சொல்லிவிட்டான். அதற்கு யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

எட்டாவது வாரம் திங்கட்கிழமை காலையில் அவன் தன் புது ஸ்கிரிப்டை எனக்கு அனுப்பினான். "வெள்ளிக்கிழமைல இருந்து இதான் ஓடப் போகுது. ஒரு தடவ பாத்துச் சொல்லுங்கண்ணா."

நான் படித்தேன். சுத்தமாக இருந்தது, அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். நடுநடுவே, வரிக்கு முன்னால் குறி போட்டு விளக்கக் குறிப்புகள் எழுதியிருந்தான். கணினி அந்தக் குறிப்புகளைப் படிக்காது, நானும் படிப்பதில்லை. பதினேழாவது வரிக்கு வந்தபோது என் மனசு துள்ளியது. காப்பி செய்கிற வரி. அதில் ஃபைல் பெயர் வருகிற வேரியபிள் மொட்டையாக நின்றது. முன்னும் பின்னும் டபுள் கோட்ஸ் இல்லை.

பள்ளிக்கூடத்தில் 'பிரித்து எழுதுக' என்று ஒரு கேள்வி வருமே, ஷெல்லுக்கு அந்த வியாதி பிறவியிலேயே உண்டு. வேரியபிளை விரித்தபின் எங்கே இடைவெளி கண்டாலும் வெட்டிவிடும். 'கடல் காற்று' என்று ஒரு ஃபைல் இருந்தால், 'கடல்' என்று ஒன்றையும் 'காற்று' என்று ஒன்றையும் தேடிப் போய், இரண்டும் இல்லை என்று கைவிரித்துவிடும். இரண்டு பக்கமும் மேற்கோள் போட்டால்தான் ஒரே பெயராகப் பிடித்துக்கொள்ளும். எனக்கு டபுள் கோட்ஸ் பாடம் நடத்தியவன் அதே டபுள் கோட்ஸைக் கோட்டை விட்டிருக்கிறான்!

நான் அதற்கு மேல் படிக்கவில்லை. படிக்கத் தோன்றவில்லை. என்றைக்காவது ஒருவர் பெயரில் இடைவெளி விடுவார், அது காப்பி ஆகாது, தலைமை நூலகர் கேட்பார், இவன் அசடு வழிவான், அப்போது நான் மெதுவாக எழுந்து போய், "சகலை, டபுள் கோட்ஸ் போட்டுப் பாருங்களேன்" என்பேன். அந்த ஒரு வாக்கியத்தை அன்று குளியலறைக் கண்ணாடி முன்னால் மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தேன். சிரிக்காமல் சொல்வதுதான் எடுப்பாக இருந்தது.

அவனுக்கு, "பாத்தேன், நல்லா இருக்கு" என்று பதில் போட்டேன்.

செவ்வாய் ஒரு தடவை, புதன் ஒரு தடவை, சொல்லிவிடலாமா என்று வந்தது. வியாழக்கிழமை மாமனார் போன் செய்து, "சின்ன மாப்பிள்ளைய கேட்டேன்னு சொல்லுங்க" என்றார். என்னை நலம் விசாரிக்காமலே வைத்துவிட்டார். அதோடு சொல்கிற எண்ணம் போயே போய்விட்டது.

அந்த வாரம் மட்டும் என் மனைவி சனிக்கிழமைக்குக் காத்திருக்கவில்லை. வெள்ளிக்கிழமை மதியமே வந்து கடைசி அத்தியாயத்தைப் படித்து முடித்தாள். என் மேசைக்கு வந்து, "முடிச்சுட்டேங்க" என்றாள். முகம் பளிச்சென்று இருந்தது. "ம்" என்றேன். அவள் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுக் காபி குடிக்கப் போனாள். ஐந்து மணிக்கு ஸ்கிரிப்ட் ஓடியது. ஐந்தே காலுக்குக் கடைசிப் பதிவை இன்னொரு முறை கேட்கலாம் என்று மாடி ஏறினாள். ஏறியவள் அதே வேகத்தில் இறங்கி வந்தாள்.

"என்னோடது ஒன்னும் காணோம்."

"சர்வருக்குப் போயிருக்கும்" என்று சொல்லிக்கொண்டே திறந்தேன். மற்றவர்களுடையது எல்லாம் இருந்தது. அவளுடையது ஒன்றுகூட இல்லை.

"என்ன பேர் வச்ச?"

"அத்தியாயம் ஒன்னு, அத்தியாயம் ரெண்டுன்னுதான்."

"இடைவெளி விட்டா? சுவத்துல ஒட்டியிருக்கேனே, பாக்கலையா?"

"பாத்தேன். சின்ன மாப்பிள்ளதான் எப்படி வேணும்னாலும் வைங்க அண்ணி, புது ஸ்கிரிப்ட் பாத்துக்கும்னாரு."

எனக்கு அப்போதும் பயம் வரவில்லை. காப்பி ஆகாது, அவ்வளவுதானே? மூலம் அங்கேயே இருக்க வேண்டும். இத்தனை வாரமாக என் பழைய ஸ்கிரிப்ட் ஓடியபோதெல்லாம் இருந்திருக்கிறதே! பிறகுதான் அந்தப் புது ஸ்கிரிப்டைத் திறந்து, திங்கட்கிழமை நான் நிறுத்திய இடத்திலிருந்து ஆறு வரி கீழே போனேன். அழிக்கிற வரி. அதில் வேரியபிளுக்கு இரண்டு பக்கமும் டபுள் கோட்ஸ் ஒழுங்காக இருந்தது.

பழையதில் இரண்டு வரியுமே மொட்டை. அதனால் அதற்கு இவள் ஃபைல்களைக் காப்பி செய்யவும் தெரியாது, அழிக்கவும் தெரியாது. தப்பும் தப்பும் சேர்ந்து இத்தனை வாரம் அவள் குரலைக் காப்பாற்றியிருக்கிறது. புதிதில் காப்பி செய்கிற வரி பெயரைத் துண்டாக்கித் தோற்றுப்போனது, அழிக்கிற வரி பெயரைச் சரியாகப் பிடித்து இருபத்து மூன்றையும் ஒன்று விடாமல் அழித்துவிட்டது. ஷெல்லில் குப்பைத்தொட்டியெல்லாம் கிடையாது. அழி என்றால் அழிந்ததுதான்.

சகலை ஓடி வந்தான். பின்னாலேயே தலைமை நூலகரும் வந்தார். அவன் திரையைப் பார்த்தான், ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, பதினேழாவது வரியில் விரலை வைத்தான். வைத்த விரலை எடுக்காமல் என்னைப் பார்த்தான்.

"என்ன ஆச்சு?" என்றார் தலைமை நூலகர்.

"இதுல கோட்ஸ் விட்டுப் போச்சு மேடம். அதோட, காப்பி ஆச்சான்னு பாத்துட்டுத்தான் அழிக்கணும், அந்தச் சோதனையும் நான் போடல. டெஸ்ட் பண்ணப்ப பழைய ஃபைல வச்சே பண்ணிட்டேன், அதுல இடைவெளியே இல்ல. தப்பு என்னோடது."

எட்டு வாரமாக நான் ஆசைப்பட்ட காட்சி இதுதான். அவன் தலை குனிந்து நிற்கிறான், எல்லோரும் பார்க்கிறார்கள். ஆனால் நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினேழாவது வரிக்கு மேலே, நான் படிக்காமல் தாண்டிய குறிப்பு இருந்தது.

'இந்த வரி பெரியவர் எழுதியது. தொடவேண்டாம் என்று போட்டிருக்கிறார். ஒன்பது வருடம் ஓடியிருக்கிறது. அப்படியே வைக்கிறேன்.'

அதற்கும் மேலே இன்னொரு குறிப்பு. 'இந்த வரியை யாரும் தொடவேண்டாம்.' அது நான் எழுதியது. எப்போதோ அந்த வரியோடு மூன்று நாள் மல்லாடி, ஒருவழியாக ஓடியதும், இனி எவனும் கை வைக்கக்கூடாது என்று எரிச்சலில் எழுதினேன். மறந்தும் போனேன். என் தப்பைத்தான் அவன் தப்பு என்று நான்கு நாளாக நெஞ்சுக்குள் வைத்துக் கொஞ்சிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"டாலர் சார், நீங்களும் பாத்தீங்கல்ல? கண்ல படலையா?" என்றார் தலைமை நூலகர்.

"இல்ல மேடம்" என்றேன். மனைவி பக்கத்தில் நின்றாள். அழவில்லை. புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "மறுபடி படிச்சா இந்த மாதிரி வராது" என்று மட்டும் சொன்னாள்.

சகலை தன் போனை எடுத்தான். கொஞ்சம் தயங்கி, "என்கிட்ட இருக்கு அண்ணி" என்றான். "கடைசி அத்தியாயம் மட்டும் இல்ல. மத்த இருபத்தி ரெண்டும் இருக்கு. எங்கம்மாவுக்கு இப்ப கண்ணு சுத்தமா தெரியல இல்லையா, நீங்க படிக்கப் படிக்க எடுத்துட்டுப் போய் போட்டுக் காட்டிட்டிருந்தேன். உங்ககிட்ட கேக்காம எடுத்தது தப்புதான்."

அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அப்போதுதான் அழுதாள்.

போனிலிருந்து என் கணினிக்கு ஏற்றினோம். ஒவ்வொன்றும் முழுசாக இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்க வேண்டும். நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு முதல் அத்தியாயத்தை ஓடவிட்டேன். முதலில் நாற்காலி நகரும் சத்தம். பிறகு அவள் குரல், புத்தகத்துக்கு இல்லாமல் தனக்குத்தானே பேசுகிற குரல். "ஓடுதா இது? அவரு கேட்டா சிரிப்பாரு. சரி, சிரிக்கட்டும்." அதற்குப் பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு படிக்க ஆரம்பிக்கிறாள். கப்பல், அடுப்பு, உப்புக் காற்று என்று எதையோ படிக்கிறாள். நான் ஒரு சொல்லையும் வாங்கவில்லை. அந்தக் கரகரப்பு என் காதுக்குள் இருந்தது. அது நன்றாக இருந்தது. பதினான்கு வருடமாகப் பக்கத்தில் இருந்தும் நான் கேட்டதில்லை.

ஹெட்போனைக் கழற்றினேன். சகலை ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான்.

"முன்னாடி பேசினத வெட்டலாம்னு பாத்தேண்ணா. அம்மா வெட்டக் கூடாதுன்னுட்டாங்க. தினம் கேக்கறாங்க, அந்தப் பொண்ணு வீட்டுக்காரரு கேட்டாரா, சிரிச்சாரான்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"இன்னும் கேக்கலம்மான்னு சொன்னேன்."

பேருந்திலிருந்து இறங்கி வீட்டுக்கு நடந்து போகும்போது மனைவியிடம் சொன்னேன். திங்கட்கிழமையே அந்த வரியைப் பார்த்ததையும், வேண்டுமென்றே வாயை மூடிக்கொண்டதையும், வரியே என்னுடையது என்பதையும் சொன்னேன். அவள் நடையை நிறுத்தவில்லை.

"ஏன்?"

"பொறாமை. எல்லாரும் அவனையே தலைல தூக்கி வச்சு ஆடறீங்க."

"எட்டு வாரம் மேல்மாடில படிச்சேன். நீங்க கீழ்மாடில இருந்தீங்க. நடுவுல பதினெட்டு படி. ஒரு நாளாவது ஏறி வந்தீங்களா?"

சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவள் எனக்கு முன்னாலேயே சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டாள்.

திங்கட்கிழமை காலை முதல் வேலையாகத் தலைமை நூலகரிடம் போய் உண்மையைச் சொன்னேன். திட்டினார், வாங்கிக்கொண்டேன். சகலையிடமும் சொன்னேன். அவர், "திங்கக்கெழமையே சொல்லியிருக்கலாமேண்ணா" என்றார். இரைந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். பிறகு இரண்டு பேருமாக உட்கார்ந்து அந்த வரிக்கு மேற்கோள் போட்டு, காப்பி ஆகாததை அழிக்காதபடி செய்தோம். 'யாரும் தொடவேண்டாம்' என்ற குறிப்பை நானே எடுத்தேன். சுவரில் ஒட்டியிருந்ததையும் கிழித்தேன்.

மதியம் அவள் கடைசி அத்தியாயத்தைத் திரும்பப் படித்தாள். நான் பதினெட்டுப் படியும் ஏறிப் போய்க் கண்ணாடிக்கு வெளியே நின்றேன். சத்தம் வெளியே வராது, உதடு மட்டும் அசைந்தது. முடித்து வெளியே வந்தவள் என்னைத் தாண்டி, பின்னால் நின்ற சகலையைப் பார்த்து, "அம்மா காத்திட்டிருப்பாங்க, முதல்ல அவங்களுக்குக் கொண்டு போங்க மாப்பிள்ள" என்றாள். பிறகு என்னிடம், "நீங்க ஒன்னுல இருந்து வாங்க" என்றாள்.

ஒன்றிலிருந்துதான் வந்துகொண்டிருக்கிறேன். வேலைக்குப் போகும்போது பேருந்தில் தினம் ஒரு அத்தியாயம். இன்று ஒன்பது. நேற்று சகலையின் அம்மா என் போனுக்கே கூப்பிட்டார். "தம்பி, நம்ம படிக்கிற பொண்ணோட வீட்டுக்காரருதானே? கேட்டுட்டீங்களாமே. சிரிச்சீங்களா?" என்றார். இல்லை என்றேன். "அப்ப அவகிட்ட சொல்லிட்டீங்களா, சிரிக்கலன்னு?"

இன்னும் சொல்லவில்லை. சகலை என்னை முந்திக்கொண்டு சொல்லிவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது. இன்று அவருக்கு முன்னால் நான் அவளிடம் போய்ச் சேர வேண்டும்.